களத்துக்குப் பூட்டு, ரோட்டில் கொள்ளு

எங்கள் ஊராட்சித் தலைவர்தான் அன்று ஒரு பெண்ணைக் கொல்லப் பார்த்தார்; வண்டி ஓட்டியது மட்டும் நான்.

கம்பம் சந்தைக்கு வாழைத்தார் ஏற்றிப் போனேன். ஊர் தாண்டிய வளைவில் ரோடு முழுக்கக் கொள்ளுச்செடி பரப்பியிருந்தது. வண்டிகள் ஏறினால் கொள்ளு உதிரும் என்று போடுகிறார்கள். நடுவில் ஒரு பெண் குனிந்து செடியைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிரேக்கை ஓங்கி மிதித்தேன். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. டயர் ரோட்டைப் பிடித்தால்தானே வேகம் அடங்கும்? உருளும் கொள்ளின்மேல் அத்தனை பாரமும் வழுக்கிக்கொண்டே போய், அவர் சேலையை உரசிக்கொண்டு நின்றது.

"ஏலே, ஒன்னைய யாரு பிரேக் போடச் சொன்னா? ஹாரன் அடிச்சா ஒதுங்கப்போறேன்" என்றார்.

"ரோட்டுல எதுக்கு ஆத்தா போடுறீக? கதிரடிக்கிற ஊர்க்களம் என்னாச்சு?"

"தலைவரு அவுக வீட்டுச் செங்கலைக் களத்துல அடுக்கிப் பூட்டிட்டாகல்ல. தெறந்து விடச் சொல்லு, அங்கன போறேன்."

இப்போதெல்லாம் அறுவடைக் காலத்தில் வளைவுக்கு முன்பே வேகத்தைப் பாதியாக்கிவிடுகிறேன். பாதி வேகத்தில் போனால், பிரேக் போட்டதும் வண்டி கால்வாசி தூரத்திலேயே நின்றுவிடும். என் பங்கை நான் செய்துவிட்டேன். தலைவரே, பொதுக்களத்தின் சாவி உங்கள் வீட்டில் ஏன் இருக்கிறது? கிராமசபையில் எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.