அடைக்கலமேரி வீட்டுக்குச் சிலை வந்த சாயங்காலம்

எங்கள் பங்குக் கோயிலுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத புதுச் சாமியார் ஞாயிறு பூசையில் அறிவிப்பு வாசித்தபோது நான் பக்கத்திலிருந்த அடைக்கலமேரியைத் திரும்பிப் பார்த்தேன். பதினோரு வயதில் கத்திக்குத்துப்பட்டு இறந்த புனித மரிய கொரற்றியின் சிலை இந்த வருஷம் எங்கள் தெருவில் வீடு வீடாக வரும், கிழக்குக் கடைசியில் தொடங்கி வரிசையாகப் போகும் என்றார். அந்த வரிசையில் மெர்சி வீட்டுக்கு அடுத்தது அடைக்கலமேரி வீடு என்பதில் என்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? பீடத்திலிருந்து சொன்னதை மாற்றச் சொல்ல, தெரிந்த எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை, எனக்கும்தான்.

அடைக்கலமேரி எனக்கு மதினி முறை, எதிர்வீடு. சாக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறாள். காலையில் அவள் போடும் சத்தத்தில்தான் எங்கள் தெரு விழிக்கும். முட்டை சின்னதாக வந்தால் கொண்டுவந்தவனோடு சண்டை, பருப்பில் கல் கிடந்தால் சமையல்காரம்மாவோடு சண்டை. ஆனால் இரண்டாம் முறை சோறு கேட்கப் பிள்ளைகள் கூச்சப்படக் கூடாது என்று, பந்தி முடியும்வரை கரண்டியோடு நடுவிலேயே நிற்பாள்.

அவளுக்கு ஒரே மகன் டோனி. மெர்சியின் மகன் சகாய ஆண்டனி அவனுக்குக் கூட்டாளி. இரண்டு பேரும் ஒரே நாளில் கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கியவர்கள். ஆண்டனிக்குப் பாதி நாள் சாப்பாடு அடைக்கலமேரி கையால்தான். சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள் வற்றிய கண்மாய்க்குள் கிரிக்கெட் ஆடிவிட்டு, எல்லாரும் கலைந்த பிறகு, இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை வந்தது. ஆண்டனி ஸ்டம்பால் தலையில் அடித்துவிட்டு ஓடினான். ஆடு பத்தி வந்தவர்கள் பார்த்தபோது டோனிக்கு உயிர் இல்லை. ஆண்டனி ஜெயிலுக்குப் போனான். தண்டனை முடிந்து இந்தத் தவக்காலத்தில்தான் திரும்பி வந்தான்.

கோயிலில் நான் அடைக்கலமேரி பக்கத்தில்தான் உட்காருவேன். ஆண்டனி ஜெயிலில் இருந்த அத்தனை வருஷமும் பரலோக மந்திரத்தில் 'எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் மன்னிப்பதுபோல' என்ற வரி வரும்போது மட்டும் அவள் வாயை மூடிக்கொள்வாள். அடுத்த வரியில் சேர்ந்துகொள்வாள். கடவுளிடம் பொய் சொல்லத் தெரியாத பிறவி.

சிலை வரும் முறை இதுதான். ஒரு வீட்டில் இரவு தங்கிய சிலையை மறுநாள் சாயங்காலம் அந்த வீட்டு ஆண்பிள்ளை தூக்கிவந்து அடுத்த வீட்டு வாசலில் கொடுக்க வேண்டும். தரையில் வைக்கக் கூடாது. கைக்குக் கை மாற வேண்டும். உள்ளே ஜெபமாலை முடியும்வரை தூக்கிவந்தவர் வாசலில் நிற்பார். பிறகு அந்த வீட்டுப் பெண்பிள்ளை அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பாள். கொடுக்காமல் அனுப்பினால் விரட்டிவிட்டதாக அர்த்தம். மெர்சி முழங்கால் வலியோடு கிடக்கும் விதவை. ஆண்டனிதான் தூக்கி வந்தாக வேண்டும்.

சிலை வர வேண்டிய நாள் மத்தியானம் மனசு கேட்காமல் அடைக்கலமேரி வீட்டுக்குப் போனேன். அவள் புருஷன் மரியப்பன் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார்.

"வீட்டப் பூட்டிட்டு காரைக்குடிக்குப் போயிருவம்னு சொல்றேன், கேக்க மாட்டேங்குறா. நீயாச்சும் சொல்லு அனிதா" என்றார்.

"அந்தப் பிள்ளை கொரற்றி வரும்போது வீட்டப் பூட்டவா?" என்றாள் அடைக்கலமேரி. "பதினோரு வயசுப் பிள்ளை அது."

"எங்க வீட்டுக்காரரத் தூக்கி வரச் சொல்லட்டா மதினி?" என்று கேட்டேன்.

அவள் வேறு ஒன்று கேட்டாள். "சாமியார் பிரசங்கத்துல சொன்னாரே, கேட்டியா? கத்தியால குத்தினவன மன்னிச்சேன்னு அந்தப் பிள்ளை வாயத் தொறந்து சொல்லிட்டுச் செத்துச்சு. அதனால அவுக ஆத்தாளும் மன்னிச்சுட்டாக. என் பிள்ளை என்ன சொன்னான்? மன்னிச்சானா இல்லையான்னே தெரியாம அவனுக்குப் பதிலா நான் எப்படி மன்னிக்கிறது?"

வீட்டுக்கு வந்து உலை வைத்தவள் அரிசி போட மறந்துவிட்டேன்.

சாயங்காலம் பாட்டோடு சிலை வந்தது. ஆண்டனி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சிலையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தான். ஆள் பாதியாக இருந்தான். அடைக்கலமேரி படியிறங்கினாள். அவள் கையில் கரண்டி ஏதும் இல்லையே என்று நான் பார்த்துக்கொண்டேன். அவளுடைய கோபம் எனக்குத் தெரியும்.

அவள் சிலையைப் பிடித்தாள், ஆனால் வாங்கவில்லை. இரண்டு பேர் கையும் சிலையில் இருந்தது. பாட்டு நின்றுவிட்டது.

"அன்னைக்கு நீ மட்டும்தான் அவன் கூட இருந்த. கடைசியா என்ன சொன்னான்?"

ஒரு பொய் சொல்லித் தொலையேன் என்று எனக்குள் அடித்துக்கொண்டது. மன்னிச்சேன்னு சொன்னான் என்று அவன் சொல்லியிருந்தால் தெருவே நம்பியிருக்கும்.

"மன்னிப்புன்னு ஒண்ணும் சொல்லல பெரியம்மா" என்றான் ஆண்டனி. "தண்ணி கேட்டான். டே, தண்ணின்னான். நான் பயந்து ஓடிட்டேன்."

அடைக்கலமேரியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவள் சிலையை வாங்கிக்கொண்டு உள்ளே போய் மேசைமேல் வைத்து முழந்தாளிட்டாள். நாங்களும் முழந்தாளிட்டோம். ஆண்டனி வாசலிலேயே நின்றான்.

ஜெபமாலை நகரவே இல்லை. ஒவ்வொரு முறை அந்த வரி வந்தபோதும் என் காது அவள் பக்கமே இருந்தது. ஒரு முறைகூட அவள் சொல்லவில்லை. போச்சு, இனி இந்தத் தெருவில் இரண்டு குடும்பமும் முகம் பார்க்கப் போவதில்லை என்று நினைத்தேன்.

ஜெபம் முடிந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. வெளியே எட்டிப் பார்த்தால் ஆண்டனி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். தண்ணீரை எதிர்பார்த்து நிற்க அவனுக்கு என்ன துணிச்சல் இருக்கும்?

"நில்லுடா" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. பிள்ளைகளை அதட்டும் அதே சத்தம்.

அடுப்படிக்குள் பாத்திரம் உருண்டது. சொம்பு நிறையத் தண்ணீரோடு வந்தாள். வழியெல்லாம் சிந்தியது. வாசலில் போய் அவனிடம் நீட்டினாள். அவன் கை வரவில்லை. அவளே அவன் கையைப் பிடித்து இழுத்து அதில் சொம்பை வைத்து அழுத்தினாள்.

"எம்பிள்ளை கேட்ட தண்ணி. குடி."

அவன் ஒரு மடக்குக் குடித்தான். அதற்கு மேல் முடியாமல் அழுதான். அவள் நகரவில்லை; பந்தியில் நிற்பது போலவே நின்றாள்.

"முழுசும் குடிச்சிட்டுப் போ" என்றாள்.