ஆற்றைக் கடத்திவிடும் வேலை

மலைப்பயண வழிகாட்டிக்கு மலை ஏறுவது பெரிய காரியமில்லை. கூட வருகிறவர்களைச் சொன்னபடி கேட்க வைப்பதுதான் பெரும்பாடு. யாங்கோனிலிருந்து ஆட்களை விமானத்தில் வடக்கே பூட்டாவோவுக்குக் கூட்டிப்போய், பனிமலை அடிவாரக் காட்டில் ஒரு வாரம் நடக்கவைத்து, முழுசாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பேன். வழியில் பாலமில்லாத ஆறுகள். உள்நாட்டுச் சண்டையால் அந்தப் பக்கம் வழி அடைபடும்வரை இதுதான் என் பிழைப்பாக இருந்தது. பஸ் நடத்துநர்களே, ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் தாய்மார்களே, நீங்களும் என் இனம்தான். இந்த ஒரு பயணத்தைக் கேட்டுவிட்டு நியாயம் சொல்லுங்கள்.

வெள்ளை ஷூ

யாங்கோனின் லத்தா பேட்டையில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். இரண்டு தெரு தள்ளி மொத்த ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஹபீப் நானாவும், அவருடைய சிநேகிதர் ஊ சோ மின்னும் பதிவு செய்தார்கள். ஊ சோ மின் ஓய்வு பெற்ற இன்ஜினியர்; பெரியவர்களுக்கு 'ஊ', இளையவர்களுக்கு 'கோ' என்று பெயருக்கு முன்னால் மரியாதை வைப்பது பர்மிய வழக்கம். இருவரையும் உட்காரவைத்து விளக்கினேன்: ஆற்றில் ஷூவோடுதான் இறங்கவேண்டும், வெறுங்காலோடு இறங்கினால் பாசிக் கல் வழுக்கிக் கணுக்கால் போய்விடும், அதனால் நனைந்தாலும் பரவாயில்லாத பழைய ஷூ போதும். தலையாட்டிவிட்டுப் போனார்கள். புறப்படும் நாளில் ஹபீப் நானா பளபளவென்று வெள்ளைத் தோல் ஷூவில் விமான நிலையத்துக்கு வந்தார். நான் ஷூவையே பார்ப்பதைக் கண்டு பெருமையாகச் சொன்னார்:

"பேங்காக்ல வாங்கினது, தம்பி. தண்ணியில நனைக்கவா இவ்வளவு தூரம் போய் வாங்கினேன்?"

இடுப்புப் பட்டை

முதல் ஆறு தொடையளவு ஆழம்தான். ஆனால் தண்ணீர் எலும்பைக் கடிக்கும், இழுப்பும் அதிகம். என் பழைய ஷூவை நானாவுக்குக் கொடுத்துவிட்டு, என் மாற்றுச் செருப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். முதுகுப்பையின் இடுப்புப் பட்டையையும் நெஞ்சுப் பட்டையையும் கழற்றிவிடுங்கள் என்று மூன்று தடவை சொன்னேன். விழுந்தால் பையை உதறிவிட்டு எழலாம். பட்டை பூட்டியிருந்தால் பை உங்களை முகம் குப்புற அமுக்கிவிடும். நீரோட்டத்தைப் பார்த்து நின்று, கோலை ஊன்றி, ஒரு கால் நிலைத்தபிறகுதான் மறு காலை எடுக்கவேண்டும். "சரி, சரி" என்றார் நானா.

நடு ஆற்றில் கால் வழுக்கி உட்கார்ந்தார். அப்படியே குப்புறக் கவிழ்ந்தார். பாய்ந்து பிடித்தேன். இடுப்பில் கை வைத்தால் பட்டை பூட்டியபடி இருக்கிறது! விறைத்த விரல்களால் அதைத் திறப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கரையில் போட்டு, அவர் இருமி முடித்ததும், "ஏன் நானா கழட்டல?" என்று கத்தினேன். நடுங்கிக்கொண்டே சொன்னார்:

"கழட்டினா பை ஒரு பக்கமாத் தொங்குது, தம்பி. போட்டோவுல நல்லாவா இருக்கும்?"

காத்திருக்கச் சொன்ன குற்றம்

நான்காம் நாள் விடிந்தபோது மேலே மழை பெய்திருந்தது. அடுத்த ஆறு செம்மண் நிறத்தில் மரக்கட்டைகளை உருட்டிக்கொண்டு போனது. அடியில் பாறைகள் மோதும் சத்தம் கரைவரை கேட்டது. எங்கள் சுமைதூக்கி கோ புங் அந்த மலைப்பக்கத்துக்காரர். ஆற்றை ஒருமுறை பார்த்தார், கூடையை இறக்கி வைத்தார், சுருட்டைப் பற்றவைத்தார். அதற்குமேல் என்ன பேச்சு? தண்ணீர் இறங்கும்வரை இங்கேயே தங்கல் என்றேன். ஊ சோ மின் முகம் சிவந்தது. சனிக்கிழமை விமானம் போய்விடும், தண்ணீர் ஓட்டத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லத் தனக்குத் தெரியும் என்றார்.

நான் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு ஆற்றில் இறங்கிவிட்டார். பத்தடிகூடப் போகவில்லை, ஆறு அவரைத் தூக்கிக்கொண்டது. கோ புங் கரையோடு ஓடி, வளைவில் குதித்து, சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார். கரையேறும்போது கோ புங்கின் கால் இரண்டு பாறைகளுக்கு நடுவே சிக்கியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. மூங்கிலைப் பிளந்து கட்டுப் போட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார், ஒரு முனகல் இல்லை. பக்கத்தில் கம்பளிக்குள் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஊ சோ மின் சொன்னார்:

"எனக்கு நீச்சல் தெரியும். இவனை யார் குதிக்கச் சொன்னது?"

அப்போது நான் பேசியதை இங்கே எழுத முடியாது. மற்ற சுமைதூக்கிகளோடு முறைபோட்டு இரண்டு நாள் கோ புங்கை மூங்கில் தூளியில் தூக்கிவந்தோம். ஹபீப் நானாவும் ஒரு முனையில் தோள் கொடுத்தார். கால் கூடிவிட்டது, ஆனால் அந்தப் பருவம் முழுக்க கோ புங்கால் கூடை தூக்க முடியவில்லை.

புகார்க் கடிதம்

யாங்கோன் திரும்பிய மறுவாரம் ஊ சோ மின்னின் கடிதம் வந்தது. காலொடிந்தவரைப் பற்றி ஒரு வரி கிடையாது. வழிகாட்டி தன்னிடம் மரியாதையில்லாமல் கத்தினார் என்று மட்டும் ஒன்றரைப் பக்கம். முதலாளியம்மா டோ கின் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "மன்னிப்புக் கேட்கமாட்டேன், வேலை போனாலும் சரி" என்று நின்றபடியே சொன்னேன். கடிதத்தை நான்காக மடித்து மேசைக்குள் போட்டார்.

"நீங்க கத்தினது சரிதான், கோ சலீம். அடுத்த தடவை கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே கத்துங்க."

ஒன்பது வருடத்தில் ஒரு ஆறுகூட என்மேல் புகார் எழுதியதில்லை.