மேனேஜர் படிக்காமல் போட்ட பதில்

விமானச் சரக்கு ஆபீஸில் தாளில் இல்லாத பெட்டி, பெட்டியே இல்லை. தாளில் இல்லாத அநியாயமும் அப்படித்தான் என்பது பிரசவ விடுப்பு முடிந்து துவாரகாவில் இருக்கும் என் வீட்டிலிருந்து மறுபடி வேலைக்குப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. என்னைப் போல் மாட்டிக்கொண்டவர்களே, பயந்துகொண்டுதான் எழுதுகிறேன். நீங்கள் சிரித்துக்கொண்டே படிக்கலாம்.

நாற்காலி

எனக்கென்று பேசிவைத்திருந்த சூப்பர்வைசர் நாற்காலியில் ரோஹித் உட்கார்ந்திருந்தான். என்னிடம் வேலை கற்ற ஜூனியர். பதறி எழுந்தவன், என்ன செய்வதென்று தெரியாமல், தனக்குக் குழந்தை பிறந்ததற்கான லட்டு டப்பாவை நீட்டினான். லட்டும் கையுமாக மேனேஜரிடம் போய்க் கேட்டேன். இஞ்சி டீயை ஊதியபடி அன்பாகவே சொன்னார்:

"பேட்டா, நீ இப்ப அம்மா ஆயிட்டே. இந்த டென்ஷன் எல்லாம் உனக்கெதுக்கு?"

டிஷ்யூ பெட்டி

ஹெச்.ஆர். மேடத்திடம் போய் அழுதேன். அழுகை நன்றாகத்தான் வந்தது. டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தினாரே தவிர, ஃபைலைத் திறக்கவில்லை. "ரோஹித் திறமைசாலின்னு உங்க மேனேஜர் சொல்லுவார். நீங்க அம்மாங்கிறதாலதான்னு எங்கே எழுதியிருக்கு?" என்றார். டீ குடிக்கும்போது வாயால் சொன்னார் என்றேன்.

"டீக்கு ஏதும்மா ஃபைல் நம்பர்?"

கான்வென்ட் பழக்கம்

எங்கள் கான்வென்டில் சிஸ்டர் திட்டினால் நன்றி சொல்லிவிட்டு, அந்தத் திட்டை நாமே டைரியில் எழுதி அவரிடமே கையெழுத்து வாங்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் மெயில் அடித்தேன்: 'மதிப்பிற்குரிய சார், நான் தாயாகிவிட்டதால் எனக்கு டென்ஷன் வேண்டாமென்று பதவியை ரோஹித்துக்குக் கொடுத்ததாக அன்போடு சொன்னீர்கள். நன்றி. சரியாகத்தான் புரிந்துகொண்டேனா?' அனுப்பிய பிறகுதான் தோன்றியது: வேலையே போய்விட்டால்? எங்கள் மேனேஜரோ காரில் போகும்போதே, எந்த மெயிலானாலும் படிக்காமல் ஒரே பதிலைத் தட்டிவிடுகிறவர். எனக்கும் அதுவேதான் வந்தது:

"கன்ஃபர்ம்ட். ப்ளீஸ் ப்ரொசீட்."

ப்ரொசீட் பண்ணினேன், நேராக ஹெச்.ஆருக்கு.

விசாரணை

"படிக்காம அனுப்பிட்டேன். குழந்தை இருந்தா வேலையில கவனம் இருக்காதேன்னு நல்ல மனசோட சொன்னதுதான்" என்றார் மேனேஜர். ரோஹித்தையும் கூப்பிட்டார்கள். நாற்காலியில் இருப்பவன் அதை விட்டுக்கொடுத்தா பேசுவான் என்று நினைத்தேன். அவனுடைய லட்டைத் தின்றும் எனக்கு உறைக்காததை அவனே சொன்னான்:

"சார், என் வீட்லயும்தான் குழந்தை இருக்கு. டென்ஷன் வேணாமான்னு என்னை யாருமே கேக்கலையே?"

நாற்காலி எனக்கு வந்துவிட்டது. மேனேஜர்தான் பாவம், இப்போதெல்லாம் என் 'குட் மார்னிங்' மெயிலைக்கூட இரண்டு முறை படித்துவிட்டு, பதில் போடப் பயந்து நேரில் வந்து சொல்லிவிட்டுப் போகிறார்.