பதினெட்டாவது அடுப்பு

அன்று காலையில் அந்தச் சுவரோரம் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். முனிசிபாலிட்டி கிளார்க் ஒருவர், கையில் அட்டையும் தாளும். அவர் பின்னால் சாக்பீஸ் டப்பாவோடு ஒரு பியூன். வேலைக்குப் போகாமல் நின்ற என் புருஷன். அவருடைய அக்கா, எனக்கு மதினி. மதினியின் மகள், பன்னிரண்டு வயது. மகன், எட்டு வயது. என் பிள்ளைகள் மூன்று பேர். கல்யாணம் ஆகாத ஆண்கள் ஐந்து பேர். பிறகு நான். மற்றக் குடும்பங்கள் அவரவர் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

அது பம்பாயில், மாட்டுங்காவில் ரயில்வே லைனை ஒட்டிய சுவர். அதில் சாய்த்து, சாக்கும் தார் டின் தகடும் கட்டிப் பதினேழு குடும்பம் இருந்தோம். எல்லாரும் திருநெல்வேலிப் பக்கம். ஆண்களுக்குத் தாராவியில் தோல் கிடங்கில் வேலை. பெண்கள் மாட்டுங்காவில் வீடுகளில் பாத்திரம் தேய்த்தோம். அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். மழைக்கு முந்தின மாதம்.

எண்ண வருகிறார்கள் என்றதும் பாதிப் பேர் பாத்திரத்தை மூட்டை கட்டினார்கள். எண்ணுவது இடிப்பதற்குத்தான் என்று நினைத்தோம். அதற்கு முன் எண்ணினவர்கள் யாரும் எதையும் தந்ததில்லை. நான் வேலை செய்த வீட்டு மாமிதான் முனிசிபாலிட்டி ஒட்டின நோட்டீஸைப் படித்துச் சொன்னார்.

“இடிக்கத்தான் போறா. ஆனா செம்பூர் பக்கம் மனை தராளாம்டி. பத்தடிக்குப் பதினஞ்சடி. லிஸ்டுல பேர் இல்லேன்னா கெடையாது. அன்னிக்கு நீ இங்க வராதே, அங்கேயே இரு.”

“பாத்திரம் கெடக்குமே, மாமி.”

“கெடந்தா நான் தேய்ச்சுக்கறேன். நீ வரதுக்கு முன்னாடி யார் தேய்ச்சாளாம்?”

சுவரோரம் வந்து சொன்னேன். கட்டின மூட்டைகளை அவிழ்த்தார்கள்.

எனக்குப் படிப்பு மூன்றாம் கிளாஸ். ஹிந்தி மார்க்கெட்டில் கற்றது. மற்றப் பெண்களுக்கு அதுவும் இல்லை. அதனால் கிளார்க்கோடு நான் நடந்தேன். அவர் கேட்பதை இவர்களுக்குச் சொல்ல வேண்டும். இவர்கள் சொல்வதை அவருக்குச் சொல்ல வேண்டும்.

கிளார்க் முதலில் ஆளைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்தார்.

“ஏக் சூலா, ஏக் கர்” என்றார்.

ஒரு அடுப்பு, ஒரு வீடு. ஒரே சட்டியில் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேரானாலும் ஒரு வீடு. ஒரு வீட்டுக்கு ஒரு மனை. அதுதான் கணக்கு. அடுப்புக்கு நேரே சுவரில் கரி ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். சாம்பலுக்கு மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார். பிறகு பியூன் சுவரில் நம்பர் போடுவான்.

மூன்றாவது குடும்பத்தில் முந்தின நாள் விஷயம் தெரிந்து, இரண்டாவதாக ஒரு மண் அடுப்பு பூசி வைத்திருந்தார்கள். கிளார்க் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது. சிரித்துவிட்டு அடுத்ததுக்கு நகர்ந்தார்.

“ஏளா, ஒன் சின்ன வீட்டு அடுப்பு இன்னும் காயலியே” என்று பக்கத்தவள் கத்தினாள்.

“ஒனக்கு ரெண்டு அடுப்புக்கு அரிசி எங்க இருக்கு? ஒண்ணுக்கே எங்கிட்டதான வார” என்றாள் இவள்.

கல்யாணம் ஆகாத ஐந்து பேருக்கும் அடுப்பு இல்லை. தாராவியில் ஒரு அம்மாவிடம் மாதச் சாப்பாடு. கிளார்க் அவர்கள் படுக்கிற இடத்தைப் பார்த்தார், அடுப்பு எங்கே என்று கேட்டார்.

“எங்க அடுப்பு வயித்துக்குள்ள எரியுது. வேணும்னா கைய வச்சுப் பாக்கச் சொல்லுங்க, யக்கா” என்றான் ஒருவன்.

நான் அப்படியே ஹிந்தியில் சொன்னேன். கிளார்க் அவன் தோளைத் தட்டினார். ஒன்றும் எழுதவில்லை. கெட்ட மனுஷர் இல்லை. அவர் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

எங்களுடையது ஒன்பதாவது.

இதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். மதினி எங்களிடம் வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அவர் புருஷன் கப்பல்துறையில் மூட்டை சரிந்து இறந்துபோனார். அன்றே என் புருஷன் போய் மூன்று பேரையும் கூட்டி வந்தார். அன்றிலிருந்து ஒரே சட்டி. எனக்கும் மதினிக்கும் சண்டை கிடையாது. பேச நேரமும் கிடையாது.

மதினியின் மகள் பெரியவளாகி இரண்டு மாதம். சுவரோரம் எங்கள் இருவருக்கும் நடுவில் அவளைப் படுக்க வைத்தோம். அந்தப் பக்கம் சாக்குதான். சாக்குக்கு அப்பால் ரோடு. குடித்துவிட்டுப் போகிறவர்கள் சாக்கில் இடித்துக்கொண்டு போவார்கள். மதினி என்னிடம் ஒரு தடவை சொன்னார்.

“எனக்குக் கூரைகூட வேண்டாம். ஒரு கதவு வேணும். உள்ள இருந்து தாப்பா போடணும்.”

அதற்குமேல் அவர் எதையும் கேட்டதில்லை.

கிளார்க் எங்கள் சாம்பலின் மேல் கை வைத்தார். எத்தனை பேர் என்றார். எட்டு என்று என் புருஷன் விரலைக் காட்டினார். கிளார்க் மதினியைக் காட்டி, இந்த அம்மாவின் அடுப்பு எது என்றார்.

நான் என் புருஷனிடம் மெதுவாகச் சொன்னேன்: “தனின்னு சொன்னா அவுகளுக்கும் ஒரு மனை உண்டு.”

“தனியா? ஏட்டி, எங்க அக்காவுக்குத் தனி அடுப்பு எதுக்கு? நான் இருக்கேன்லா?”

“பேச்சுக்குத்தான்.”

“பேச்சுக்குக்கூட வராது. தனி அடுப்புன்னா அக்காவ வெளிய தள்ளிட்டேன்னுல்லா அர்த்தம். ஊர்ல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்? ஒரே சட்டின்னு சொல்லு.”

அவர் சொன்னதும் சரிதான். எங்கள் ஆட்களில் உறவு முறிந்தால்தான் அடுப்பைப் பிரிப்பார்கள். ஒரே சட்டி என்று சொன்னேன். கிளார்க் எட்டு என்று எழுதினார். பியூன் சுவரில் ஒன்பது என்று போட்டான். பத்தாவதுக்குப் போனோம்.

பதினேழு முடிவதற்குள் பின்னால் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன்.

மதினி எங்கள் சாக்கின் மறு முனையில் மூன்று செங்கலை வைத்திருந்தார். எங்கள் அடுப்புக் கங்கை ஒரு தகர மூடியில் அள்ளிப் போட்டு, விறகுச் சிராய் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். மேலே அலுமினியச் சட்டியில் அரிசியும் தண்ணீரும்.

“யக்கா, என்ன செய்யுத?”

“சோறு வைக்கேன்.”

“நம்ம அடுப்புல கொதிக்குதே!”

“அது ஒன் அடுப்பு, தம்பி.”

என் புருஷன் அக்காவிடம் குரல் உயர்த்தி நான் அதுவரை கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

“நான் என்ன கொற வச்சேன்? ஒரு வேள பட்டினி போட்டேனா? எம் பொண்டாட்டி ஒரு சொல் சொன்னாளா?”

“இல்ல.”

“பொறவு?”

“பொறவு ஒண்ணும் இல்ல. தள்ளி நில்லு, பொக கண்ணுல படும்.”

என் புருஷன் ஒரு செங்கலை எட்டி உதைத்தார். சட்டி சாய்ந்து தண்ணீர் தீயில் கொட்டிச் சீறியது. மதினி சூட்டோடு அந்தச் செங்கலை வெறுங்கையால் நேராக வைத்தார். மறுபடி ஊதினார். சுவரோரம் இருந்த எல்லாரும் கூடிவிட்டார்கள்.

“அக்காவப் போயி உதைக்கானே, பாவி!”

“அக்காவ இல்ல, செங்கல!”

“ரெண்டும் ஒண்ணுதான் போ.”

கிளார்க்கும் வந்தார். புதுச் செங்கலைப் பார்த்தார். சுவரில் கரி இல்லை. சாம்பலே விழவில்லை. மூன்றாவது வீட்டு அடுப்பைத் தள்ளினவர் இதை எப்படி எழுதுவார்? என்ன நடக்கிறது என்று என்னிடம் கேட்டார்.

“ஜகடா” என்றேன். சண்டை. “அலக் ஹோ கயே.” பிரிந்துவிட்டார்கள்.

அதைப் பொய் என்று சொல்ல முடியாது. சண்டை கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது.

கிளார்க் என் புருஷனைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்ணில் தண்ணீர். அவரிடமே கேட்டார், நிஜமா என்று.

“என்ன கேக்காரு?” என்றார் என் புருஷன்.

“அக்காவும் நீங்களும் பிரிஞ்சிட்டீங்களான்னு கேக்காரு.”

இல்லை என்று அவர் தலையை ஆட்டியிருந்தால் அதோடு போயிற்று. அக்காவைப் பார்த்தார். மதினி தலை நிமிரவில்லை, ஊதிக்கொண்டேயிருந்தார். மகள் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் புருஷன் துண்டை உதறித் தோளில் போட்டார். லைனை ஒட்டித் தாராவிப் பக்கம் நடந்துபோனார்.

கிளார்க் அவர் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எங்கள் எட்டை அடித்து ஐந்து என்று எழுதினார். பியூனிடம் கை நீட்டி சாக்பீஸை வாங்கி, பதினெட்டு என்று சுவரில் அவரே போட்டார்.

என் புருஷன் மூன்று நாள் வீட்டில் சாப்பிடவில்லை. அந்த ஐந்து பேரோடு தாராவியில் சாப்பிட்டார். நான்காம் நாள் வந்து சாப்பிட்டார். அக்காவிடம் மட்டும் பேசவில்லை. மதினி தன் மூன்று செங்கலில் தனியாகப் பொங்கினார்.

முதல் மழைக்குப் பிறகு லாரி வந்தது. சாமான்களை ஏற்றிவிட்டது அந்த ஐந்து பேர்தான். ஏற்றிவிட்டுச் சுவரோரமே நின்றார்கள். அவர்களை எங்கே போகச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருக்க மாட்டார்கள்.

செம்பூர் மனை சேறாக இருந்தது. நாலு மூலைக்கு நாலு முளை, சுற்றிக் கயிறு. வேறு ஒன்றும் இல்லை. நம்பர் வரிசைப்படி ஒன்பதாவது எங்களுக்கு. பதினெட்டாவது கடைசியில், சாக்கடை ஓரம்.

மதினி சுவர் வைப்பதற்கு முன்பே கதவு வாங்கினார். குர்லாவில் பழைய சாமான் கடையில், தாழ்ப்பாளோடு. இரண்டு கம்பை நட்டு அதில் கட்டினார். மற்ற மூன்று பக்கமும் சாக்கு.

“சாக்கு வீட்டுக்குத் தேக்குக் கதவா, யக்கா? திருடன் கதவைத் தட்டிட்டுத்தான் வருவான் போல” என்று சிரித்தார்கள். மதினியும் சிரித்தார். மகள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள், திறந்தாள், மறுபடி போட்டாள்.

அன்று சாயங்காலம் என் புருஷன் வேலையிலிருந்து வந்து நேரே கடைசி மனைக்குப் போனார். மதினி அடுப்புக்குச் செங்கல் வைத்துக்கொண்டிருந்தார். சட்டியில் அரிசி களைந்து இருந்தது. என் புருஷன் அந்தச் சட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

“எட்டுப் பேருக்கு வை.”

அவ்வளவுதான் பேச்சு. பின்னாலேயே மதினி தட்டுகளோடு வந்தார், பிள்ளைகள் வந்தார்கள். அந்த மூன்று செங்கலை மறுநாள் மதினி கதவுக்கு முன்னால் படியாகப் பதித்துவிட்டார். அந்த மகளுக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும் அவர்கள் மூன்று பேருக்கும் தூக்கம் அங்கே, சாப்பாடு எங்களோடு.

ஒரு நாள் காலையில் குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நின்றேன். எல்லார் வாசலிலும் புகை எழுந்துகொண்டிருந்தது. சும்மா எண்ணிப் பார்த்தேன்.

மனை பதினெட்டு. அடுப்பு பதினேழு.