வேர்டில் முளைத்த மூன்று பட்டைகள்

சாவகச்சேரியில் காணிப் பத்திரம் எழுதிப் பதிகிற ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் ஏழு வருடம் உறுதிகள் தட்டச்சு செய்தேன். கிழக்கே யாருடைய காணி, வடக்கே யாருடைய காணி, மேற்கே ஒழுங்கை, தெற்கே பனங்காணி என்று ஊராரின் எல்லைகளை நாள் முழுக்க எழுதுகிற வேலை. நொத்தாரிசு ஏசாத மனிதர். இருந்தும் ஏழாவது வருடம் எனக்குக் கதிரையில் இருப்புக் கொள்ளவில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

கொழும்பில் ஒரு வேலைக்கு விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி அனுப்ப வேண்டும். ஒரு மதியம், நொத்தாரிசு சாப்பிடப் போன நேரம், இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளை அலுவலகக் கணினியில் இறக்கினேன். அது கேட்ட கேள்விகளுக்கெல்லாம் வாசிக்காமலே ‘சரி’ என்று அழுத்தினேன். விண்ணப்பம் போய்விட்டது. மறுநாள் வேர்டைத் திறந்தால் மேலே மூன்று புதிய கருவிப்பட்டைகள். ஒன்று கோப்பை மாற்றித் தர, ஒன்று தேடித் தர, ஒன்று மொழிபெயர்த்துத் தர. திரையில் கால்வாசி அவற்றுக்கே போனது. வேர்ட் திறக்க மூன்று நிமிடம் எடுத்தது. வேகமாகத் தட்டினால் நடுவில் உறைந்து நின்றது.

இறக்கிய மென்பொருளை அகற்றினேன். அது போனது, பட்டைகள் போகவில்லை. பைல், ஒப்ஷன்ஸ், அட்-இன்ஸ் என்று உள்ளே போய் மூன்றின் முன்னாலும் இருந்த சரி அடையாளத்தை எடுத்துவிட்டேன். மறைந்தன. மூடித் திறந்தேன், மூன்றும் வந்து நின்றன. இரண்டு நாள் இதே கூத்து. நொத்தாரிசு என் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

“உதென்ன பிள்ளை மேலை, கடை போர்ட் மாதிரி?”

“தெரியேல்லை சேர். பழைய கணினிதானே.”

“அப்ப திருத்துற ஆளை வரச் சொல்லுவம்.”

“வேண்டாம் சேர், நானே பாக்கிறன்.”

திருத்துகிறவர் வந்தால் எதை, எந்த நாள் இறக்கினேன் என்று கண்டுபிடித்துவிடுவார் என்று பயம்.

அடுத்த நாள் காலை கனடாவிலிருந்து வந்த ஒருவரும் மீசாலையில் இருக்கும் அவருடைய தங்கையும் வந்தார்கள். தகப்பன் விட்டுப்போன காணியில் தன் பங்கை அண்ணன் தங்கைக்கு நன்கொடையாக எழுதுகிறார். பின்னேரம் அவருக்குக் கொழும்பு பஸ். சாட்சிகள் இருவரும் வாங்குப் பலகையில் தயாராக இருந்தார்கள். ‘கிழக்கு’ என்று அடித்தேன், திரை நின்றுவிட்டது. அணைத்துத் திறந்தேன். மறுபடியும் நின்றது.

“பிள்ளை, இன்னும் எவ்வளவு நேரம் செல்லும்?” என்று அண்ணன்காரர் கேட்டார்.

“கொஞ்சம் பொறுங்கோ அண்ணை.”

தங்கை வாசலுக்கும் என் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தார். “இண்டைக்குச் சரிவராட்டிப் பரவாயில்லை அண்ணை. அடுத்தமுறை வரேக்கை எழுதுவம்.”

“அடுத்தமுறை எப்ப எண்டு எனக்கே தெரியாது. பதினாலு வருசத்துக்குப் பிறகு இப்பதானே வந்தனான்.”

தங்கை சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கொன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்தபடி வேர்டைத் திறந்தால் ஒட்டிக்கொண்ட எதுவும் இல்லாமல் வரும் என்று காலையில் பஸ்ஸுக்குள் போனில் வாசித்திருந்தேன். அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அழுத்தினேன். வெறும் வேர்ட் வந்தது. ஒரே மூச்சில் அடித்து முடித்தேன். நொத்தாரிசு வாசித்துக் காட்ட, எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். போகும்போது தங்கை அண்ணனின் கையை விடவில்லை.

மதியத்துக்குப் பிறகு வேர்டை மூடிவிட்டுத் தேடினேன். வேர்ட் திறக்கும்போது தானாக ஓடுபவை இருக்கும் கோப்புறைக்குள் எனக்குத் தெரியாத மூன்று கோப்புகள் குந்தியிருந்தன. அழித்தேன். திறந்தேன். பட்டைகள் இல்லை. நம்பாமல் ஐந்தாறு தடவை மூடித் திறந்தேன்.

“உது முதல்லை எப்பிடி வந்தது?” என்று பின்னால் நின்று பார்த்த நொத்தாரிசு கேட்டார்.

அந்தத் தங்கை சுவர்ப் பக்கம் திரும்பி நின்றது இன்னும் கண்ணுக்குள் இருந்தது. “நான்தான் சேர் இறக்கினனான். கொழும்பிலை ஒரு வேலைக்குப் போட.”

“இஞ்சை உனக்கு என்ன குறை?”

“ஒரு குறையுமில்லை சேர். ஒரு இடத்திலை இருக்க ஏலாமக் கிடக்கு.”

“என்னட்டைச் சொல்லியிருக்கலாம்,” என்றுவிட்டுத் தன் அறைக்குப் போனார். இரண்டு கிழமை வேலையைத் தவிர வேறொன்றும் கதைக்கவில்லை. பிறகு கொழும்பிலிருந்து இல்லை என்று பதில் வந்தது. அதையும் போய்ச் சொன்னேன்.

“அப்ப வேறை இடத்துக்குப் போடு,” என்றார். “ஒளிச்சுப் போடாதை.”

ஐந்தாவதாகப் போட்டதுதான் கிடைத்தது, கிளிநொச்சியில். தினமும் காலை ஆறு மணிக்குப் பஸ். ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர் விரியும்போது யன்னலை முழுதாகத் திறந்து வைப்பேன். அங்கேயும் கதிரைதான், கணினிதான். மனம் அடங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். பஸ் ஓடுகிற நேரத்தில் கொஞ்சம் சும்மா இருக்கிறது.