மூடினால் மயங்கும் பெட்டி

எங்கள் பராமரிப்பு இல்லத்தில் குழாய் வேலை பார்ப்பவரை எல்லோரும் ‘வாஷர்’ என்றுதான் கூப்பிடுவோம். அவர் சட்டைப் பையில் பேனா இருக்காது, ரப்பர் வாஷர் இருக்கும். எங்காவது குழாய் சொட்டினால் மனிதருக்குச் சோறு இறங்காது. அவர் மனைவி இடுப்பெலும்பு முறிந்து எங்கள் வார்டிலேயே ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். இருவரும் சண்டை போட வசதியாகப் போயிற்று.

பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவர் வாஷர். மனைவி படுத்த பிறகு, கட்டிலோரம் உட்கார்ந்து போனில் வீடியோ பார்த்தே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டார்.

அவர்கள் மகள் கால்பந்தில் கோல்கீப்பர். வெளியூரில் அவளுடைய முதல் பெரிய ஆட்டம் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு. இணையத்தில் மட்டும் காட்டுவார்கள். வார்டில் இருந்ததோ பழைய டிவி. வாஷர் சீட்டுக்கட்டு அளவில் ஒரு கணினிப் பலகை வாங்கி அதோடு இணைத்தார். தரை கழுவும் தண்ணீர் தெறிக்குமே என்று எவர்சில்வரில் பெட்டி செய்து, மூடியைச் சுற்றி ரப்பர் பட்டை கொடுத்து, நான்கு திருகு போட்டு முடுக்கினார். பெட்டி கண்ணாடி மாதிரி மின்னியது.

மூன்றரைக்கு டிவியில் ‘இணைப்பு இல்லை’ என்று வந்தது.

மூடியைத் திறந்து வைஃபை பாஸ்வேர்டைத் திரும்ப அடித்தார். இணைப்பு வந்தது. மூடினார், போய்விட்டது. கரண்ட் பத்தவில்லை என்று திறந்து வேறு சார்ஜர் மாட்டினார். வந்தது. மூடினார், போய்விட்டது. வராந்தாக் கோடியில் இருந்த ரவுட்டரை அணைத்துப் போட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“மெயின் லைன்ல தண்ணி இருக்குக்கா. நம்ம குழாய்ல மட்டும் நின்னு நின்னு வருது” என்றார் என்னிடம்.

“நீங்க சரி பண்றதுக்குள்ள அவ ரிட்டயரே ஆயிடுவா” என்றார் மனைவி.

நான் மாத்திரைத் தட்டோடு நின்று பார்த்தேன். டாக்டர் முன்னால் வலியே இல்லை என்று சொல்லி, அவர் வாசல் தாண்டியதும் முனகும் நோயாளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். டாக்டர் இருக்கும்போது மட்டும் என்ன மாறுகிறது என்றுதான் அப்போது தேடுவோம்.

“தம்பி, திறந்தா நல்லாருக்கு, மூடினா மயங்கிடுது. மூச்சு முட்டுதோ என்னமோ” என்றேன்.

வாஷர் கையில் இருந்த மூடியைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

“சுத்திலும் எவர்சில்வர்க்கா. வைஃபை எப்படி உள்ள வரும்? தண்ணிக்குப் போட்ட அடைப்புல சிக்னலையும் அடைச்சிட்டேன்.”

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீங்க ஒழுகாம அடைச்சது இது ஒண்ணுதாங்க” என்றார் மனைவி.

மூடி கட்டிலுக்கு அடியில் போயிற்று. நான்கு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது மஞ்சள் சட்டையில் மகள் தெரிந்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார்கள். தரை துடைக்க வந்த பெண்ணை வாஷர் வாசலிலேயே மறித்து, நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

இரண்டாம் பாதியில் எதிர் அணிக்குப் பெனால்டி கிடைத்தது. மகள் இடது பக்கம் பாய்ந்து பந்தை நெஞ்சோடு அணைத்தாள்.

“என்னங்க, பிடிச்சிட்டா” என்று மனைவி சட்டையைப் பிடித்து இழுத்ததில் வாஷருக்கு ஒரு பித்தான் தெறித்தது.

“சொட்டு விடல பாரு” என்றார் அவர்.

ஆறு மணிக்கு அந்த அம்மாளுக்கு ரத்த அழுத்தம் எடுத்தேன். கொஞ்சம் ஏறியிருந்தது. காரணம் என்ற கட்டத்தில் ‘பெனால்டி பிடித்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.