இறக்கம் கொஞ்சம் கூடுதல்

தையல்காரனுக்குக் கண்ணைவிடக் காது நன்றாக இருக்க வேண்டும். ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு தையல்காரன் இருந்தானாம், அவன் யாரிடமும் இரண்டாம் தடவை கேட்க மாட்டானாம், அதனால் கெட்டானாம். தாத்தா சொன்ன கதைகளில் இப்படிப்பட்டவன் ஏழு கடலுக்கு அப்பால் இருப்பான். என் கதையில் ஊர் மட்டாஞ்சேரி. அந்த ஆள் நான்தான். ஊசி பிடித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பாதியிலேயே என்னை மன்னித்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

எத்தனாம் கிளாஸ்?

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, ஒரு மாதாகோவில் வாசலுக்கு நேர் எதிரே மெஷின் போட்டேன். திருநீறு பூசிய பையனுக்கு அந்த இடம்தான் வாடகைக்குக் கிடைத்தது. முதல் வாரமே ஒரு பெரியவர் வந்தார். மிளகு மண்டியில் தராசு பார்ப்பவர், ஐம்பது வயது இருக்கும். "பள்ளிக்குப் போகான் ஒரு வெள்ளை ஷர்ட் வேணும், தம்பி. முழுக்கை" என்றார். இந்த வயதில் படிக்கப் போகிறாரே என்று எனக்கு ஒரே மரியாதை. பேனா செருக இடம் விட்டு, மார்பில் இரண்டு பை வைத்துத் தைத்தேன். இங்கே பள்ளி என்றால் மாதாகோவில் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சட்டையைக் கொடுக்கும்போது, பணிவாகத்தான், "எத்தனாம் கிளாஸ் ஐயா?" என்று கேட்டேன். பெரியவர் இரண்டு பையையும் பார்த்தார், எதிரே கோவிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. அவர் சொன்னது இதுதான்: "ஒண்ணாம் கிளாஸ்தான் தம்பி. அம்பது வர்ஷமாயிட்டும் ஜெயிக்கல."

மதிலுக்கு இப்புறம்

ஞாயிற்றுக்கிழமை பூசை நடக்கும்போது ஊரே உள்ளே இருக்கும். ஒருத்தி மட்டும் கோவில் மதிலுக்கு வெளியே, என் கடை ஓரமாக நிற்பாள். திரேசா என்று பெயர், கொச்சங்காடியில் ஒரு சுக்குக் கிட்டங்கியில் வேலை. உள்ளே மணி அடித்தால் இவள் ரோட்டிலேயே முழங்கால் போடுவாள். சைக்கிள்காரர்கள் ஒதுங்கிப் போவார்கள்.

எனக்குக் காரணம் புரிய நாளாயிற்று. சுக்கு வெளுக்கச் சுண்ணாம்பில் புரட்டுவார்கள். அந்தச் சுண்ணாம்பு துணியைத் தின்றுவிடும். அவளிடம் இருந்த இரண்டு ஜம்பரிலும் அக்குளிலும் முதுகிலும் பொத்தல், தைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி பொத்தல். அதோடு உள்ளே போகக் கூசினாள். அவள் மகள் ரோசிக்கு வரும் மாதம் புதுநன்மை. முதல் தடவை நற்கருணை வாங்கும் பிள்ளையை, தாய்தான் பீடம் வரைக்கும் கைபிடித்துக் கூட்டிப் போக வேண்டும். பிள்ளைக்கு வெள்ளை கவுன் கன்யாஸ்திரீகள் இரவல் தருகிறார்களாம். "அவளுக்கு ஆச்சு சேச்சி, உங்களுக்கு?" என்றேன். பொத்தல் தெரியாமல் தோர்த்துத் துண்டைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு திரேசா சொன்னாள்: "கர்த்தாவுக்கு வெளியேயும் காது கேக்கும். ஆனா ரோசி திரும்பிப் பார்ப்பாள் அல்லோ."

யாருடைய விரல்?

நம் ஊரில் கோவில்பிள்ளை என்கிறோமே, மணி அடித்து மெழுகுதிரி ஏற்றுகிறவர், அவரை இங்கே கப்பியார் என்பார்கள். எங்கள் எதிர்க்கோவில் கப்பியாரின் பெயர் லோனப்பன். வாசலில் நின்று யார் எப்படி உடுத்தி வருகிறார்கள் என்று பார்ப்பதும் அவர்தான். தலையில் துணியில்லாமல் வரும் பெண்களுக்கென்று ஒரு பெட்டி நிறைய வெள்ளைத்துணி வைத்திருப்பார். ஒருநாள் என் கடைக்கு வந்து, அச்சன், அதாவது பாதிரியார், பிரசங்கத்தில் சொன்ன அளவை ஒப்பித்தார். கை, முழங்கைவரை. பாவாடை, முழங்காலுக்குக் கீழே. கழுத்து, தொண்டைக்குழியிலிருந்து இரண்டு விரல், அதற்குமேல் கூடாது.

தொழில் கேள்வி என்பதால் வாய் திறந்தேன். "யாருடைய இரண்டு விரல்?" கப்பியார் தன் கையைப் பார்த்தார். நாற்பது வருஷம் மணிக்கயிறு இழுத்த கை, ஒவ்வொரு விரலும் ஏத்தம்பழம் மாதிரி. அச்சனுக்கோ பென்சில் விரல். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ரகசியமாகச் சொன்னார்: "பாவம் பெண்ணுங்க, மூச்சு விடணும். நீ என் விரல் வெச்சு வெட்டு. அச்சன் கேட்டால் அச்சனுடைய விரல்னு சொல்லிக்கோ."

பியானோ டீச்சரின் லேஸ்

போர்ட் கொச்சியிலிருந்து ஒரு ஆங்கிலோ-இந்திய அம்மாள் வருவார், பியானோ சொல்லிக்கொடுப்பவர். அவருடைய கவுன் முழங்காலில் நின்றுவிட்டது. சட்டம் கீழே கேட்கிறதே, ஒரு சாண் அகலத்துக்கு நல்ல லேஸ் வாங்கி வந்து அடியில் வைக்கச் சொன்னார். வைத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்த நாளே திரும்பி வந்தார். லேஸின் ஓட்டை வழியாக முழங்கால் தெரிகிறது என்று கப்பியார் சொல்லிவிட்டாராம். லேஸைப் பிரித்துவிட்டுக் கெட்டித்துணி வைக்கச் சொன்னார். லேஸ் வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்று மேஜையில் போட்டார். போகும்போது வாசலில் நின்று கோவிலுக்கும் கேட்கிறமாதிரி சொன்னார்: "ஓட்டை ஓட்டையா அந்த ஆள் பார்த்துட்டிருந்தா, பூசைக்கு மணி அடிச்சது யார், மேன்?"

ஒரு சொல்

புதுநன்மைக்கு ஒரு வாரம் இருக்கும்போது திரேசா வெள்ளைத்துணி கொண்டுவந்தாள். ஒரு ஜம்பருக்கு அளந்து எடுத்தது, ஒரு விரல் மிச்சமில்லை. பெண்களுக்கு உடம்பில் அளவெடுக்கிற வழக்கம் இல்லை, பழைய ஜம்பர் ஒன்றை அளவுக்குக் கொடுத்தாள். "இதே அளவு மதி. இறக்கம் மட்டும் கொஞ்சம் கூடுதல் வேணும்" என்றாள்.

எங்கள் ஊர்க் கடையில் இறக்கம் என்றால் கழுத்து இறக்கம். எறணாகுளத்தில் அப்போது கழுத்தை இறக்கித் தைப்பதுதான் புது மோஸ்தர். சேச்சிக்கும் ஆசை வந்துவிட்டது என்று மனதுக்குள் ஒரு சிரிப்புகூடச் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் அந்தச் சிரிப்புதான் உறுத்துகிறது. கழுத்து எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சம். சட்டம் இரண்டு விரல்தான், மிச்சத்தை முக்காடு மறைக்கும் என்று நினைத்து நாலு விரல் இறக்கி வெட்டினேன். கப்பியார் விரலால்.

சனிக்கிழமை மத்தியானம் கிட்டங்கியிலிருந்து நேரே வந்தாள். ஜம்பரை விரித்தாள். பிறகு அதன் அடியோரத்தைத் தொட்டு, "இறக்கம் இங்கே, மோனே. முழங்கால் போட்டுக் கும்பிடும்போது பின்னாலே மேல ஏறாம இருக்கணும்" என்றாள். இந்த ஊரில் இறக்கம் என்றால் நீளம். துணியும் இல்லை, நாளும் இல்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஜம்பரை மடித்து மேஜையிலேயே வைத்தாள். "சாரமில்ல, போகட்டும். நான் மதிலுக்கு இப்புறமே நின்னுக்கிறேன். பீடத்துக்கு நடக்க ரோசிக்கு வழி தெரியும்."

பின்வாசல் வழியாக அல்ல

அவள் போன பிறகு வெட்டுத்துணிக் கூடையைக் கவிழ்த்தேன். கழுத்திலிருந்து வெட்டிய பிறைத்துண்டு அப்படியே கிடைத்தது. அதை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துத் தைத்தேன். ஒட்டுத் தெரிந்தது. மேலே பியானோ டீச்சரின் லேஸை வளைத்து வைத்தேன், தெரியவில்லை. நீளத்துக்குத்தான் வழியில்லை. கொடியில் என் நல்ல வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்கு, பச்சைக் கரையோடு முழு நீளமும் கிழித்தேன். ஜம்பர் அடியில் அதை வைத்தேன். முண்டுக்குள் போகிற இடம், கரை வெளியே தெரியாது. விளக்கு வைப்பதற்குள் அவள் வீட்டுத் திண்ணையில் ஜம்பரைப் போட்டுவிட்டு, கதவு திறக்குமுன் வந்துவிட்டேன்.

காலையில் மெஷினில் நூல் கோக்கிற மாதிரி குனிந்துகொண்டு வாசலையே பார்த்தேன். திரேசா வந்தாள், தலையில் முக்காடு, கையில் ரோசி. மதிலைத் தாண்டினாள். கப்பியார் அவளை நிறுத்தினார். குனிந்து கழுத்து லேஸை உற்றுப் பார்த்தார். அவருக்கு அது தெரியாதா? கப்பியார் நிமிர்ந்து, ரோடு தாண்டி என்னைப் பார்த்துச் சொன்னார்: "போன மாசம் முழங்காலில் இருந்த சாதனம் கழுத்துக்கு ஏறியாச்சே! ஏறட்டே. மேலே போறதுக்குத்தானே பள்ளி. உள்ளே கேறிப் போ, திரேசா."

பூசை முடிந்து கூட்டம் கலைந்தது. ரோசியைப் பிடித்துக்கொண்டு திரேசா கடைசியாகத்தான் வெளியே வந்தாள். வெள்ளை கவுனில் மெழுகு சிந்தியதற்குப் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. கடை முன்னால் வந்ததும் திரேசா நின்றாள். "மூணு தடவை முழங்கால் போட்டேன். ஒரு தடவைகூட மேல ஏறல" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அடியிலே பச்சைக் கரை ஒண்ணு கண்டேன். நீ வரலைன்னா என்ன, உன் முண்டு பூசை கண்டாச்சு அல்லோ" என்றாள். மகளின் மூக்கைத் துடைத்துவிட்டு, படகுத்துறைப் பக்கம் திரும்பி நடந்து, கிட்டங்கி முக்கில் மறைந்தாள்.

ஊரார் எல்லோருக்கும் எது எதுவரை இறங்க வேண்டும் என்று பார்த்துத் தைக்கிற நான், அன்று முதல் நாலு விரல் இறக்கம் போதாத வேட்டியோடு நடமாடிக்கொண்டிருக்கிறேன்.